அம்மாவின் கட்டைவிரல்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு இருந்தது ஒரே ஆசை. பள்ளியின் கோ-கோ அணியில் சேர்ந்துவிட வேண்டும். அதற்குத் தடையாக இருந்ததும் ஒன்றுதான், அம்மாவின் கட்டைவிரல்.

எங்கள் பள்ளி சிவகாசியிலிருந்து திருத்தங்கல் போகும் பக்கம் இருந்தது. அந்த வருடம் புதிதாக வந்த வகுப்பு டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நடுவில் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தார். வந்த வாரமே பெற்றோர் எல்லோரையும் வரவழைத்துக் கூட்டம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகு பள்ளியில் நான் தும்மினால்கூட வீட்டுக்குத் தெரிந்தது.

"மதிப்பிற்குரிய பெற்றோர்களே" என்றுதான் ஒவ்வொரு செய்தியும் தொடங்கும். என்ன வீட்டுப்பாடம், யார் செருப்பில்லாமல் வந்தது, வியாழக்கிழமை சத்து மாத்திரையை யார் விழுங்கியது, யார் விழுங்குவதுபோல் நடித்து ஜன்னல் வழியாக எறிந்தது, எல்லாம் வரும். இரத்தம் எடுத்துப் பார்த்தபோது எங்களில் பாதிப் பேருக்குச் சத்துக் குறைவு என்று தெரிந்தது. முருங்கைக்கீரை கொடுங்கள் என்று டீச்சர் எழுதினார். அந்த வாரமே எங்கள் தெருவில் இருந்த முருங்கை மரங்கள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. "உங்க டீச்சரு இன்னொரு மெசேஜ் போட்டா மரம் பட்டுப்போயிரும் மருமகளே" என்று மாமா சிரித்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் இருந்தது சாயங்காலச் செய்திதான். "இன்று பள்ளி இனிதே முடிந்தது. பிள்ளைகள் அனைவரும் நலம்" என்று டீச்சர் அனுப்புவார். அதற்குக் கீழே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கட்டைவிரல் படம் வந்தாக வேண்டும். யார் வீட்டு விரல் வந்ததோ அவள் பெயரைக் கூப்பிடுவார், அவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கோ மைதானத்துக்கோ கிளம்பலாம். வராதவர்கள் வேப்பமரத்தடியில் டீச்சரோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அச்சகத்திலும் கடையிலும் இருக்கிற அப்பாக்களின் விரல் மணிச்சத்தம் அடங்கும் முன்பே வந்து நிற்கும். பட்டாசுக் கம்பெனிப் பிள்ளைகளின் பாடுதான் திண்டாட்டம். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டிலேயே கொடுத்துவிட்டு, வேலை முடிந்து வெளியே வந்தால்தான் திரும்பக் கையில் கிடைக்கும். அவர்களுக்குள்ளும் என் அம்மா கடைசி. அம்மாவுக்கு அலுமினியப் பவுடர் கலக்கிற இடத்தில் வேலை. முழங்கை வரை வெள்ளிபோல மினுங்கும். தேங்காயெண்ணெய் தடவி, சோப்புப் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணில்கூட மினுக்கம் இல்லை என்று பார்த்த பிறகுதான் போனைத் தொடுவார். தவணையில் வாங்கிய போன் ஆயிற்றே.

மைதானத்தில் விசில் சத்தம் கேட்கும். பி.டி. டீச்சர் அணிக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருப்பார். என்னைவிட மெதுவாக ஓடுகிறவர்கள் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருக்க, நான் மரத்தடியில் டீச்சர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்க்கடையிலிருந்து டீச்சர் இரண்டு பருப்புவடை வாங்கி வரச் சொல்வார். அச்சகத்தில் கழித்துப்போட்ட காலண்டர்த் தாளில் சுற்றி வரும். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. வீட்டில் என்ன சமையல், அம்மா எப்படிப் பேசுவார், அப்பா லோடு ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். கேள்வி என்னிடம் இருக்கும், கண் போனில் இருக்கும்.

தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்து, கம்பெனி விடுகிற நேரம் தள்ளிக்கொண்டே போனது. நான் ஒருநாள் மாமாவிடம் அழுதே விட்டேன்.

மாமாவுக்கு வேலை அந்தக் கம்பெனி கேட்டில்தான். காம்பவுண்டுக்கு வெளியே ஒரு சின்ன அறை. காலையில் போன்களை வாங்கி டோக்கன் கொடுப்பார், சாயங்காலம் டோக்கனை வாங்கிப் போன் கொடுப்பார். இடையில் அத்தனை போனும் அவர் பொறுப்பு. அம்மாவின் போனுக்குப் பூட்டு கீட்டு எதுவும் கிடையாது.

"இம்புட்டுத்தானா? ஒரு வெரலு போடணும், அவ்வளவுதான? உங்கம்மா போட்டா என்ன, தம்பிக்காரன் போட்டா என்ன?" என்றார் மாமா.

மறுநாள் மணி அடித்த கையோடு என் பெயர் வந்தது. டீச்சர் போனை இரண்டு தடவை பார்த்தார். "உங்கம்மா இன்னைக்குச் சீக்கிரமே வந்துட்டாங்களே" என்று சொன்னபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் எனக்கு விசித்திரமாக இருந்தது. நான் மைதானத்துக்குப் பறந்தேன். பி.டி. டீச்சர் என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் எங்கடி இருந்த?" என்றார். உலகத்திலேயே நல்ல மாமா என் மாமாதான் என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

அந்த வாரம் முழுக்க இப்படியே சுகமாகப் போனது.

பிறகு ஒரு சாயங்காலம் ஆட்டத்தின் நடுவில் அந்தச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் வெடிச்சத்தத்துக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இது அடுத்தடுத்து இரண்டு, வகுப்பறை ஜன்னல்கள் கடகடத்தன. கம்பெனிப் பக்கம் புகை எழும்பியது. நாங்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு மறுபடி ஓட ஆரம்பித்தோம். அம்மாவின் விரல்தான் வந்துவிட்டதே, அம்மா பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார் என்று நானே நம்பினேன் என்றால் பாருங்கள். மாமாவின் விரல் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

மரத்தடியில் அம்மாவோடு அதே கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தியின் மகள் மட்டும் மிச்சம். அவள் அம்மாவின் விரல் வரவில்லை. டீச்சர் கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது மாமா.

"சத்தம் எங்கனன்னு சரியாத் தெரியல டீச்சர். உள்ள போன ஆளுக ஒருத்தரும் இன்னும் வெளிய வரல" என்று மாமா பதறியிருக்கிறார். பதற்றத்தில் தான் போட்ட விரல் அவர் நினைவிலேயே இல்லை.

டீச்சர் மைதானத்துக்குள் ஓடி வந்தார். சேலை கட்டிக்கொண்டு அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆட்டக் கோட்டுக்குள் புகுந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மரத்தடியில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மாட்டிக்கொண்டோம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார், பி.டி. டீச்சரிடம் சொல்வார், அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஆனால் அவர் இடது கையில் அந்தப் பெண்ணையும் வலது கையில் என்னையும் பிடித்துக்கொண்டு, மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடியில் என் கை வலித்தது.

போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், நான்தான் பேசுறேன்" என்றது அம்மாவின் குரல். "கழிச்சுப்போட்ட வெடிய எரிக்கிற குழியிலதான் வெடிச்சிருக்கு. ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. எல்லாரையும் வெட்டவெளியில நிப்பாட்டித் தலையெண்ணிட்டுத்தான் வெளிய விட்டாக. அந்தப் பிள்ளையோட அம்மாவும் என் பக்கத்துலதான் நிக்கா. எம்பிள்ள பயந்துட்டாளா?"

"இல்லங்க. அவ விளையாடிக்கிட்டிருந்தா" என்றார் டீச்சர்.

போனை வைத்ததும் குழாயடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். திரும்பி வந்து என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "நாளையிலிருந்து உங்கம்மா கையாலதான் வரணும். எவ்வளவு நேரமானாலும் சரி."

அன்று வீட்டில் மாமாவுக்குப் பூசை நடந்தது. அம்மா கரண்டியோடு துரத்த, மாமா வாசலைத் தாண்டி ஓடிப்போய் நின்றுகொண்டு, "சின்னப் பிள்ள அழுதாளேன்னு செஞ்சேன்க்கா" என்று கெஞ்சினார். அம்மா அவரைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு என்னவோ சொன்னார். அதன் பிறகு மாமா அன்றிரவு முழுவதும் ஒரு கேலிகூடப் பேசவில்லை. ஒரு கட்டைவிரலுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அணியிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. டீச்சர் பி.டி. டீச்சரிடம் பேசிப் பயிற்சியைக் காலை நேரத்துக்கு மாற்றிவிட்டார். சாயங்காலம் பழையபடி மரத்தடி, காலண்டர்த் தாள், வடை.

படித்து முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஒருமுறை ஊருக்கு வந்தபோது, டீச்சரைக் கேலி செய்து ஏதோ சொன்னேன். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"மொதக் கூட்டத்துல உங்களையெல்லாம் வெளையாட அனுப்பிச்சுட்டு எங்ககிட்டப் பேசினாக. முன்ன இருந்த பள்ளிக்கூடத்துல ஒருநா மணி அடிச்சதும் ஒரு பிள்ளைய எப்பவும்போல வீட்டுக்கு அனுப்பிச்சுட்டாகளாம். அதோட அம்மா வேல பார்த்த கம்பெனியில வெடிச்சது டீச்சருக்குத் தெரியல. அது பையத் தூக்கிக்கிட்டு ஒத்தையில போயிருக்கு, வாசல்ல பார்த்தா ஊரே நிக்குது. இனி எம்பிள்ளைக யாரும் அப்படி ஒத்தையில போயி நிக்கக் கூடாது, நீங்க வெளிய வந்துட்டீகன்னு தெரிஞ்சாத்தான் அனுப்புவேன்னாக. பிள்ளைககிட்டச் சொல்ல வேண்டாம்னு நாங்க எல்லாரும்தான் கேட்டுக்கிட்டோம். உன் மாமன் அந்தக் கூட்டத்துக்கு வரல."

எனக்கு அந்த மரத்தடிதான் நினைவுக்கு வந்தது. வடை வந்ததும் நான் சுடச்சுடத் தின்று முடித்துவிடுவேன். டீச்சரின் வடை தாளிலேயே கிடக்கும். அம்மாவின் விரல் வந்த பிறகுதான் அதை எடுத்துப் பிட்டு வாயில் போடுவார். டீச்சருக்கு ஆறிப்போன வடைதான் பிடிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.