அப்பாவுக்கு ஒரு ஹோட்டல்

ஹாம்பர்க்கில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண் வார இறுதியில் தன் அம்மாவைப் பார்க்கப் போய்வந்தாள். வீட்டில்தான் தங்கினாயா என்று கேட்டேன். "இல்லை, ஹோட்டலில். அம்மாவுக்கு எதற்குத் தொந்தரவு?" என்றாள். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை, பாசம்தான் இருந்தது. பத்து வருடத்தில் இந்த நாட்டின் குளிர் எனக்குப் பழகிவிட்டது, ரொட்டியும் பழகிவிட்டது. இது மட்டும் இன்னும் பழகவில்லை.

எங்கள் சின்னமனூரில் இதற்குப் பொருள் வேறு. நான் பள்ளியில் படித்த காலத்தில், அப்பாவின் சித்தப்பா மகன் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்து, தேனியில் லாட்ஜ் எடுத்துத் தங்கிவிட்டார். கேள்விப்பட்டதும் அப்பா வாழைத்தோப்பிலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போனார். "ஏலே, இங்கன ஒனக்கு வீடு இல்லையா?" என்று ஒரே கேள்விதான். கையோடு பெட்டியையும் ஆளையும் அழைத்து வந்துவிட்டார். சொந்தம் இருக்கிற ஊரில் அறை எடுப்பது, உறவு அறுந்தது என்று ஊரறியச் சொல்வது.

அதனால்தான் போன கோடையில் அம்மா போனில் சொன்னது எனக்கு முழுதாகவே புரிந்தது. "அப்பா வர்றேன்னுட்டாக. ஆனா ஒங்க வீட்டுல தங்க மாட்டாகளாம். ஓட்டலு பாக்கச் சொன்னாக. நல்லதாப் பாரு ஆத்தா."

அப்போது நான் ஜெர்மன்காரரான லூக்காஸைக் கல்யாணம் செய்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசவில்லை. என் கணவர் அவருக்கு 'அந்த ஆளு'. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா, இனியும் பொறுக்க முடியாது, மகளைப் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றார். தனியாக விமானம் ஏற அவருக்குப் பயம். அப்பா துணைக்கு வந்தார், அவ்வளவுதான்.

மூன்று வாரம் ஹோட்டல் தேடினேன். எளிய இடமாகப் பார்த்தால், மகள் இங்கே கஷ்டப்படுகிறாள் என்று நினைப்பார். ஆடம்பரமாகப் பார்த்தால், அப்பனை விருந்தாளியாக ஒதுக்கிவிட்டாள் என்பார். தூரத்தில் எடுத்தால் வரவே மாட்டார். சோபாவை விரித்தால் கட்டில் ஆகுமே என்றார் லூக்காஸ். அவருக்கு விளக்கத் தொடங்கிப் பாதியில் விட்டேன். கடைசியில் எங்கள் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடையில், படங்களில் மிக அழகாக இருந்த ஒரு டிசைன் ஹோட்டலை முடிவு செய்தேன். நேரில் போய், குளியலறைக்கு ஒரு வாளி வேண்டும், என் பெற்றோர் வருகிறார்கள் என்று வரவேற்பில் கேட்டேன். அந்த இளைஞன் முகம் மலர்ந்து, நிச்சயம் வைக்கிறோம் என்றான்.

அவர்கள் வந்த அன்று அறைக்குள் பளபளக்கும் வெள்ளி வாளி இருந்தது. நிறைய ஐஸ் கட்டி, நடுவில் ஷாம்பெயின் புட்டி, திருமண நாள் வாழ்த்து அட்டை. பெற்றோருக்கு வாளி என்றதும், ஏதோ கொண்டாட்டம் என்று அந்த இளைஞன் நினைத்துவிட்டான். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். குளியலறைச் சுவர் முழுக்கக் கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்தால் ஷவர் தெரிந்தது. படங்களில் அதை நான் கவனிக்கவே இல்லை. அப்பா ஒருமுறை பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மா பெட்டியைத் திறந்து, மறைப்பாகக் கட்ட ஒரு புடவையை எடுத்தார். அதன் முனையை மாட்ட அந்த அறையில் ஓர் ஆணிகூட இல்லை. வீட்டுக்கு வந்து அன்று முழுக்க எதையும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லூக்காஸ்தான் திறந்தார். தோளில் துண்டோடு அப்பா, பின்னால் அம்மா. "அங்கன குளிக்க முடியாது. குளிச்சிட்டுப் போயிருறேன்" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அம்மா சமையலறைக்குள் போய் எதுவும் கேட்காமல் பாத்திரங்களைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.

அன்று மாலை லூக்காஸ் கடைக்குப் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியும் குவளையும் வாங்கிவந்தார். அடுத்த நாள் குளித்துவிட்டு வந்த அப்பா, "வாளிய யாரு வச்சது?" என்றார். லூக்காஸ் என்றேன். அன்று காப்பியோடு நிற்காமல், உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். இப்படியே ஒன்பது நாள். பகலெல்லாம் எங்கள் வீட்டில், படுக்க மட்டும் ஹோட்டலுக்கு. இன்று இங்கேயே இருங்கள் என்று ஒருநாளும் என் வாயில் வரவில்லை. அவர் இல்லை என்று சொல்லிவிட்டால் மறுநாள் அந்த மணி அடிக்காதே என்ற பயம்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாலை, நாங்கள் இருவரும் அவர்களை ஹோட்டலில் விடப்போனோம். லூக்காஸ் வழக்கம்போல வெளியிலேயே நின்றுகொண்டார். அம்மா லிப்ட் கதவைக் கையால் பிடித்தபடி, "இன்னைக்கு ஒரு நா எங்ககூட வந்து படுத்துக்கயேன்" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள வெளிய நிக்கிறாக. போ ஆத்தா."

அந்தச் சொல் காதில் விழுந்து மனசுக்குள் போவதற்குள் லிப்ட் மூடிக்கொண்டது. மேலே ஏறும் எண்களைப் பார்த்தபடி, லிப்டை ஒட்டியிருந்த தெருவாசலுக்கு அருகிலேயே நின்றேன். நான் நிற்பது வாசலின் தானியங்கிக் கதவுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது போலும். அது திறந்தது, யாரும் வரவில்லை என்று மூடியது, மறுபடியும் திறந்தது.