ஒன்பது, ஆறு

சித்தப்பாவின் அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உள்ளங்கை அளவு, லேமினேட் செய்தது, ஓரம் மஞ்சளாகிவிட்டது. போக்கர் இயந்திரத்தில் ஐந்து சீட்டு வந்தால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார். பக்கத்தில் இருப்பவன் படித்துவிடக் கூடாதென்று தமிழில். மேலே மட்டும் பெரிதாக இரண்டு எண்கள்: ஒன்பது, ஆறு. ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் என்ற இரண்டு சீட்டுச் சேர்க்கைகளுக்கு, போட்ட ஒரு நாணயத்துக்கு இயந்திரம் தரவேண்டிய பரிசு அது. அந்த எண்கள் உள்ள இயந்திரத்துக்குப் போட்ட கணக்கு அந்த அட்டை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தப்பா நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் எங்களோடு தங்கியிருந்தார். வேலை போய் இரண்டு மாதம். வீட்டில் யாருக்கும் தெரியாது. தினமும் லேப்டாப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் ஒருநாள் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், அம்மா அவரை லீவு போடச் சொன்னாள். "பீச்சுக்குப் போலாம் கண்ணு" என்று அட்லாண்டிக் சிட்டிக்குக் காரோட்டினார். கடற்கரைக்குப் போகவில்லை, அங்கிருந்த ஒரு சூதாட்டக் கூடத்துக்குப் போனோம்.

சூதாட்டக் கூடத்துக்குள் சிறுவர்கள் போகக்கூடாது. பளிங்குத் தரை முடிந்து சிவப்புக் கம்பளம் தொடங்குமிடம்தான் எல்லை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் என்னை உட்காரவைத்தார். "கார்பெட்ல கால் வச்சின்னா போலீஸ் வந்துரும். ஒன் அவர்தான், செரியா?" அட்டை அவருக்கு மனப்பாடம். அதை என் கையில் கொடுத்துவிட்டு முதல் வரிசை இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

பயம் வந்தால் பட்டியல் போடுவேன். காவலர்கள் இரண்டு. கேமராக்கள் ஏழு. சித்தப்பாவின் முதுகு ஒன்று. பிறகு, அவர் திரையில் ஒளிர்ந்த பரிசுப் பட்டியலை அட்டையோடு ஒப்பிட்டேன். அட்டையில் ஒன்பது, ஆறு. திரையில் எட்டு, ஐந்து.

மூன்று முறை "சித்தப்பா" என்று கூப்பிட்டேன். பத்தடி தூரம்தான். விரல்கள் பொத்தான்களை அழுத்திக்கொண்டேயிருந்தன, தலை திரும்பவில்லை. ஒரு காலைக் கம்பளத்தில் வைத்தேன். காவலரின் கை என் தோளில் விழுந்தது. என் அலறலுக்குத்தான் சித்தப்பா திரும்பினார். ஒரு கணம், நான் யாரென்று அவர் கண்களுக்குத் தெரியவில்லை. காவலரைவிட அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன்.

"வீட்ல சொல்லிராத கண்ணு" என்றார் காரில். சொல்லவில்லை. எண்களைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

இன்று அதே வகை இயந்திரங்களின் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. தொலைக்காட்சித் திரையையும் சிறு கணினியையும் ஒன்றாக்கிப் பிறந்தவை இவை. பழைய சுழல்சக்கர இயந்திரம் ஆடுபவனை எதுவும் கேட்காது, இது கேட்கும். எதை வைத்துக்கொள்கிறாய்? கேட்பதால்தான் படித்தவர்கள் உட்கார்ந்தார்கள். நாணயம் போய் ரசீது வந்தது, ரசீதும் போய் எல்லாம் கைப்பேசிக்குள் வந்தது. அந்த இரண்டு எண்களைக் குறைத்தால் போதும், வேறெதையும் மாற்றாமலே ஆட்டம் சூதாட்டக் கூடத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஒவ்வொரு சோதனையிலும் முதலில் அவற்றைத்தான் பார்க்கிறேன். நான்காவது முறை கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பாரோ என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சித்தப்பா இப்போது டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில். நல்ல வேலை, சொந்த வீடு, சனிக்கிழமை தவறாமல் அனுமார் கோயில். "அண்ணனைப் பாக்கோணும் போல இருந்துச்சு" என்று இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக எங்கள் நியூ ஜெர்சி வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்பாவுக்கு ஒரே பெருமை.

இன்று காலை வீட்டின் பின்பக்க மரத்தளமான டெக்கில் தனியாக உட்கார்ந்திருந்தார். கையில் கைப்பேசி, கட்டைவிரல் மட்டும் அசைந்தது. திரையில் ஐந்து சீட்டுகள். அந்தச் செயலி டெக்சாஸில் திறக்காது. நியூ ஜெர்சி எல்லைக்குள் இருந்தால்தான் ஓடும். அதைச் சோதிப்பதும் எங்கள் வேலை.

மூன்று முறை கூப்பிட்டேன். திரும்பவில்லை. இங்கே கம்பளமில்லை, காவலரில்லை. உள்ளே போய் அட்டையை எடுத்துவந்து அவர் முன் வைத்தேன்.

"அட, இன்னும் வச்சிருக்கியா கண்ணு!" என்று சிரித்தார்.

"மேல இருக்கற ரெண்டு நம்பரைப் பாத்தீங்களா சித்தப்பா? அன்னிக்கும் மெஷின்ல வேற நம்பர்தான் இருந்துச்சு. நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் கட்டைவிரல் நிற்கவில்லை.

"எட்டு, அஞ்சு. அன்னிக்கே தெரியும் கண்ணு. உக்காந்ததும் அதத்தான் பாத்தேன்."

அட்டையை இழுப்பறையில் திரும்ப வைத்துவிட்டேன். இந்த முறை அப்பாவிடம் சொல்லப்போகிறேன். சித்தப்பா இன்னும் டெக்கில்தான் இருக்கிறார்.