மூன்று சுழி ண

மலையாளத்தில் கூட்டுக்காரி என்றால் தோழி. தமிழ்க் காதுக்கு அது தெருக் கூட்டுகிறவள் என்றும் விழும். எனக்கு அந்த மலையாளத்துக்காரி இரண்டும்தான். கொச்சங்காடிக் கிடங்குத் தெருவில் கிழக்கு ஓரம் அவளுக்கு, மேற்கு ஓரம் எனக்கு. பதினாறு வருஷம் அப்படிக் கூட்டினோம், இருவருமே கார்ப்பரேஷன் தினக்கூலியில்.

தினக்கூலிக்காரர்களை ஆறு மாசத்துக்கு மேல் தொடர்ந்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நாள் பெயரை அடித்துவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு நாளுக்குப் பெயர் பிரேக், எங்கள் இருவருக்கும் ஒரே நாளில் வரும். காகிதத்துக்குத்தான் பிரேக், குப்பைக்கு ஏது? அன்றைக்கும் வரச் சொல்வார்கள், கையெழுத்து மட்டும் கிடையாது. வராவிட்டால் மறுநாள் பட்டியலில் பெயர் இருக்காது. மடச்சிகள் நாங்கள், ஒரு பிரேக்கைக்கூட விட்டதில்லை.

வேலையை ஸ்திரமாக்கச் சொல்லி இருவரும் தனித்தனியாகக் கேஸ் போட்டோம். வக்கீல் ஒருவரே, ஒரு மலையாளத்துப் பெண். நடுவில் இடைவெளி இல்லாமல் வேலை செய்ததாகக் காட்ட வேண்டும், பிரேக் நாள்தான் முட்டுக்கட்டை என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

முதலில் கூண்டேறியவள் நான். பிரேக் நாட்களில் என்ன செய்தாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"எனிக்கு பணியாயிருந்நு சாரே" என்றேன்.

வேலை இருந்தது என்று சொன்னதாகத்தான் என் நினைப்பு. மலையாளத்தில் பணி என்றால் வேலை, பனி என்றால் காய்ச்சல். என் நாக்குக்கு மூணு சுழியும் ஒன்று, ரெண்டு சுழியும் ஒன்று. எழுதுகிறவர் காய்ச்சல் என்று எழுதிவிட்டார். ஆறு மாசத்துக்கு ஒருமுறை நாள் தவறாமல் வருகிற காய்ச்சலா என்று யாரும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் எங்கள் வக்கீல் படித்துக் காட்டினார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பனி இல்ல சேச்சி, பனி" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணு தன்னேயல்லே பறயுன்னது?" என்று, நான் இரண்டையும் ஒரே மாதிரி சொல்வதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்தவர் சற்று யோசித்தார். உடம்பு சரியில்லாத நாளைச் சட்டம் இடைவெளியாக எடுக்காதாம். "அது அங்கனெ கெடக்கட்டே" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்துதான் போட்டேன். பயம். ஐம்பதை நெருங்கியவளைப் பட்டியலிலிருந்து தூக்க அவர்களுக்கு ஒரு பேனாக் கோடு போதும்.

அடுத்த வாரம் அவள் முறை. காய்ச்சல் விஷயத்தை அவளிடம் நான் சொல்லவில்லை. வக்கீலும் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே நாட்களில் காய்ச்சல் என்றால் எவன் நம்புவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் கூண்டில் நிமிர்ந்து நின்று, "ஞான் பணியெடுக்குகயாயிருந்நு" என்றாள். வேலை செய்துகொண்டிருந்தேன். மூன்று சுழியும் சுத்தமாக விழுந்தது. கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். இல்லை. பார்த்தவர் யார் என்று கேட்டார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டினாள். எதிரே கூட்டிக்கொண்டிருந்தவள் இவள்தான் என்றாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் என் வாக்குமூலத்தை எடுத்துப் படித்தார். அந்த நாட்களில் நான் காய்ச்சலில் கிடந்திருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எனக்கு ஸ்திரம் ஆனது. அவள் கேஸ் தள்ளுபடி. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், இங்கே வாய் திருந்தாத பிள்ளை பிழைத்தது. அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இன்றும் கிழக்கு ஓரம் அவளுக்கு, மேற்கு ஓரம் எனக்கு. காலையில் நான் கையெழுத்துப் போடும்போது மட்டும் அவள் வேறு எங்கோ பார்ப்பாள்.

போன மாசம் அவளுக்குப் பிரேக் வந்தது. வழக்கம்போல் துடைப்பத்தோடு வந்து நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

"சேச்சி, இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இருங்க. ரெண்டு ஓரமும் நானே கூட்டிக்கறேன். யாராவது கேட்டா நீங்க வந்திருந்தீங்கன்னு சொல்றேன்."

"வேண்டாடீ" என்றாள். "எனிக்கு இன்னு பனியாணு."

பனிக்கு ரெண்டு சுழி, என் வாயில் வருகிற மாதிரியே. சொல்லிவிட்டுக் குனிந்து கிழக்கு ஓரத்தைக் கூட்டத் தொடங்கினாள்.