புரட்டிப் பார்க்காத கோழிப் பொட்டலம்

தையல்காரம்மாவிடம் ஒரு துணியைக் கொடுத்தால் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டுவாள். "வெளியில மினுக்குறது யாருக்கு வேணும்? தையலைக் காட்டு" என்பாள். அவ்வளவு கெட்டிக்காரி, போயும் போயும் ஒரு கோழிப் பொட்டலத்திடம் ஏமாந்தாள்.

கணவருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. இதயம் பலவீனம், அதனால்தான் கால் வீங்குகிறது, உப்பைக் குறையுங்கள் என்றார் டாக்டர். அவள் குறைக்கவில்லை, அடியோடு நிறுத்திவிட்டாள். ஊறுகாய் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கறி என்றால் கோழி மட்டும், அதுவும் கடையிலேயே விலை கூடியது. 'இயற்கையானது', 'ஹார்மோன் சேர்க்காதது' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். மிளகும் பூண்டும் போட்டு வேகவைத்துக் கொடுப்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவார்.

ஆனாலும் கால் வீக்கம் வடியவில்லை. "வெளியில ஏதோ சாப்பிடுறீங்க. இப்படியே போனா இதயம் தாங்காது" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிமே பாத்துக்கறேன் சார்."

இதைவிட என்ன வாக்குமூலம் வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். நீங்க குடிச்சதெல்லாம் கால்லயே நிக்குதே!"

மறுநாள் அவர் வேலைக்குக் கிளம்பியதும் சோதனையில் இறங்கினாள். சட்டைப்பையில் ஒன்றுமில்லை. குப்பைக்கூடையைக் கிளறினாள், ஒரு சிப்ஸ் உறையாவது அகப்படாதா என்று. அகப்பட்டது அவளே வாங்கிய கோழியின் உறை. எரிச்சலோடு புரட்டினாள். பின்பக்கம் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்து. ஊசி கோக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'உப்பு நீர்க் கரைசல் சேர்க்கப்பட்டது.'

உறையோடு கடைக்கு ஓடினாள்.

"ஆமாக்கா, கறி காயாம மெத்துன்னு இருக்க உப்புத்தண்ணியை ஊசியில ஏத்துவாங்க," என்றாள் இறைச்சிப் பகுதிப் பெண். "இயற்கையானதுன்னா செயற்கையா நிறம், மணம் எதுவும் சேக்கலன்னு சொல்றாங்க. உப்பே இல்லன்னு அர்த்தமில்ல. ஹார்மோன் இங்க எந்தக் கோழிக்குமே போடக்கூடாது, அதைப் போய் பெருசா போட்டுக்கறாங்க. நீங்க பின்னாடி சோடியம்னு போட்டிருக்கற உப்பு அளவைப் பாருங்க." அலங்காரம் எதுவுமில்லாத வேறொரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "இதுல கோழியைத் தவிர ஒண்ணும் இல்ல."

"நீ நல்லா இருக்கணும்மா." தையல்காரம்மா அந்தப் பெண்ணின் கையை விடவே இல்லை.

சாயங்காலம் கணவர் முன்னால் உறையை வைத்தாள். "மன்னிச்சிடுங்க. வீண் பழி போட்டுட்டேன். உப்பு இதுலதான் இருந்திருக்கு."

அவர் உறையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்போ நீ போடலையா?"

"நானா?"

"கோழி லேசா கரிக்கும். நான் சப்புன்னு சாப்பிடுறது பொறுக்காம நீதான் ஒரு சிட்டிகை போடுறேன்னு நெனச்சேன்."

திட்டலாமென்று வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. இப்படியும் ஒரு மனுஷன் தனக்கு வாய்த்தானே என்று மனம் நிறைந்துபோனது.

புதுக் கோழி சில வாரங்களில் வேலையைக் காட்டியது. செருப்பு காலில் தாராளமாக நுழைந்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இப்பவாவது என் பேச்சைக் கேட்டீங்களே!"

கணவர் வழக்கம்போலத் தலையாட்டினார். அவளுக்குத்தான் பொறுக்கவில்லை.

"அவர் அன்னைக்கும் கேட்டாரு சார். என்னைக் காட்டிக்கொடுக்க மனசில்லாம உங்ககிட்ட திட்டு வாங்கிக்கிட்டாரு."