களுக்கக்கா வாயை மூடிய கதை

முத்தக் காட்சி வந்தால் களுக்கக்கா தன் புறங்கையைத்தான் முத்தமிடுவாள். டப்பிங் அறையில் மைக்குக்கு எதிரே தனியாக நின்றுகொண்டு, திரையில் கதாநாயகனின் உதடு நெருங்கும் நேரம் பார்த்து ஒரு 'இச்'. சத்தம் போதவில்லை என்றால் இன்னொன்று. இத்தனை வருடத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த முத்தத்தில் கால்வாசிகூட அவள் கன்னத்துக்குக் கிடைத்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொள்வாள்.

களுக்கென்று சிரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதால் வந்த பெயர் அது. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலி, சர்க்கரை என்று எல்லாமும் உண்டு. அவள் குரல் கொடுக்கும் பெண்களுக்கு மட்டும் என்றைக்கும் இருபத்திரண்டு. எல்லாம் காதல் காமெடி, எல்லாம் ஒரே அச்சு. மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்ததுபோல் ஒரு பெண். மூக்கு நுனியில் ஐஸ்கிரீம். அவள் வழுக்கி விழும் இடத்தில் சொல்லிவைத்தாற்போல் வேலைவெட்டி இல்லாத ஒருவன் நிற்பான். பிறகு ஒரு கோபம், ஒரு மழை, ஒரு ஓட்டம், ஒரு இச். அந்த நடிகைகளில் பாதிப் பேருக்குப் படத்தின் மொழியே தெரியாது. படப்பிடிப்பில் வசனத்துக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுப் போவார்கள். உருக்கமாக இருபது வரை எண்ணிக் கண்ணீர் விட்டவர்களும் உண்டு. அந்த எண்களின் மேல் காதலைப் பூசுவதுதான் களுக்கக்காவின் பிழைப்பு.

"த்தூ, இதையும் டிக்கெட் எடுத்துப் பாக்குறாங்களே" என்பாள், ஒவ்வொரு படம் முடிந்ததும்.

"மனசு லேசாகுதுக்கா" என்பான் ஒலிப்பதிவு செய்கிறவன்.

"லேசாகுறது மனசு இல்ல தம்பி, மண்டை."

கொஞ்ச நாளாகத் தொண்டை கரகரத்தது. டாக்டர் மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார். குரல் நாணில் சதை வளர்ந்திருக்கிறது, இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது, அப்புறம் அதில் கொஞ்சம் வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். என்ன பரிசோதனை என்று அவள் கேட்கவில்லை. அவர் சட்டென்று மேசையைப் பார்த்துக்கொண்டதிலேயே விளங்கிவிட்டது.

"வீட்டுல சொல்ல வேண்டியதை இன்னைக்கே மெதுவா சொல்லிடுங்கம்மா. அதுக்கப்புறம் மூச்சு விடக்கூடாது" என்றவர், கதவு வரை கூடவே வந்தார். "படத்துல வர்ற அந்தக் களுக் சிரிப்பு நீங்கதானாமே? எங்க வீட்டம்மாவுக்கு அந்தப் படம்னா உயிர். போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை..."

களுக்கக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். படித்த மனுஷன்தானே என்று வயிறு எரிந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள். கணவரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எனக்குப் பயமா இருக்குங்க. எவனோ எழுதிக் கொடுத்ததை நூறு விதமாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, சொந்த வசனம் ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் லிஃப்டில் சிக்கிக்கொண்டவர்களின் வசவை வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்தால், நகக்கண்ணிலிருந்து கிரீஸ் போகும் முன்பே டிவியைப் போட்டுவிடுவார். அன்றைக்கும் கால்களை நாற்காலியில் நீட்டி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். ஓடியது அவள் பேசிய படம்.

"ஏங்க..." என்றாள்.

"ஷ்ஷ்! இரு, இரு. நீ பேசுற சீன் வருது."

டிவியில் அந்தப் பெண், "உன்கூடப் பேசவே மாட்டேன், போ!" என்று உதட்டைப் பிதுக்கியது. உடனே கதாநாயகன் பலூன் வாங்கினான், தோப்புக்கரணம் போட்டான், நடுரோட்டில் தலைகீழாக நின்றான். கணவருக்குக் கண்ணில் நீர் வழிந்தது. "என்னமா கோவிச்சுக்குற பாரேன்!" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

களுக்கக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சரி, இப்போதே வாயை மூடிக்கொள்வோம், என்ன ஆயிற்று என்று அவராகக் கேட்கட்டும் என்று முடிவு செய்தாள்.

அவர் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. "சாப்பாடு ஆச்சா?" என்றால் தட்டை வைத்தாள். "மோட்டார் போட்டியா?" என்றால் தலையாட்டினாள். "சாவி எங்கே?" என்றால் கையைக் காட்டினாள். அவள் குரல் இல்லாமலே வீடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அசிங்கமாக இருந்தது.

பாத்திரம் துலக்கும்போது இன்னொன்றும் உறைத்தது. பேச மாட்டேன் என்று ஒருத்தி சொன்ன மாத்திரத்தில் உலகத்தையே விட்டுவிட்டு ஒருவன் ஓடி வருவான் என்று வாழ்நாளெல்லாம் காறித் துப்பிய அந்தக் கண்றாவியைத்தான் அவளும் இப்போது எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். பலூன் வேண்டாம், தோப்புக்கரணம் வேண்டாம். ஏன் ஒரு மாதிரியா இருக்கே என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் இத்தனை பேர் டிக்கெட் எடுக்கிறார்களா? சீ என்றிருந்தது, தன்னை நினைத்தே.

நாலைந்து நாள் போனது. மாலையில் வழக்கம்போல் அவள் குரல் டிவியில் கொஞ்சிக்கொண்டிருந்தது. காபியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"ஒண்ணு கவனிச்சியா?" என்றார் அவர் திருப்தியாக. "இப்பல்லாம் நீ சண்டையே போடுறதில்ல. படத்துல வர்ற பொண்ணு மாதிரி ஆயிட்டே."

களுக்கக்கா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை நிறுத்தினாள்.

"ஏய், என்ன பண்றே? நீ பேசுறது கேக்கல!"

கேட்டுவிட்டு, அப்போதுதான் முதல்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். திரையில் அந்தப் பெண் சத்தமில்லாமல் வாயை அசைத்துக்கொண்டிருந்தது.

"என்ன? ஏதாவது சொல்லணுமா?"

சொல்லக்கூடாது என்றது டாக்டர் பேச்சு, சொல்ல மாட்டேன் என்றது வீம்பு. எதிரே நின்று, அவர் கண்ணைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. இருந்த பயம் அத்தனையையும் முகத்தில் கொண்டுவந்து, நிறுத்தி நிதானமாக எண்ணினாள். ஏழாவதில் கண் நிறைந்துவிட்டது.

அவர் அவள் உதட்டையே பார்த்தார். முகம் இளகியது. எழுந்து வந்து அவள் தோளைத் தட்டினார்.

"சரி, சரி, புரியுது. உங்க அக்கா வீட்டுக்குத்தானே? ஞாயித்துக்கிழமை போலாம்."

சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

"இதுக்குப் போய் சவுண்டை நிறுத்தணுமா? வாயைத் தெறந்து சொன்னா நான் கேக்க மாட்டேனா?"