ஏழாம் எண் தகடு

பிரிஜெட் அக்கா சோதனை முடிந்ததும் உடனே எழுந்துவிட மாட்டார். ஏப்ரன் பையில் நான்காக மடித்த பழைய காட்டன் துணி இருக்கும். அதை எடுத்து, ஒலி அலையை அனுப்பும் ப்ரோபின் முகத்தில் ஒட்டியிருக்கும் ஜெல்லைக் கட்டைவிரலால் அழுத்தித் துடைப்பார். பிறகு மேஜை ஓரத்தில் உள்ள இரும்புக் கட்டையின் மேல் ப்ரோபை மறுபடி வைப்பார். கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பதற்கான கட்டை அது. காலையில் எல்லோரும் வைத்துப் பார்ப்பார்கள். வேலை முடிந்த பிறகும் வைத்துப் பார்ப்பவர் எங்கள் லேபில் அவர் ஒருவர்தான். திரையில் கோடு எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினால் தலையை லேசாக ஆட்டுவார். எழும்பாவிட்டால் அன்று பார்த்த அத்தனையையும் திரும்பப் பார்ப்பார். மூன்று வருடத்தில் இரண்டு முறை அப்படி நடந்தது. இரண்டு முறையும் அவர் முணுமுணுக்கக்கூட இல்லை.

எங்கள் லேப் பீன்யா தொழிற்பேட்டையில் இருக்கிறது. கொதிகலன்கள், நீராவிக் கலன்களின் வெல்டிங்குக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிக் கண்டுபிடிப்பது தொழில். நான் அறிக்கைகளை டைப் செய்பவன்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பிரேசர் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பதினோரு வருட அனுபவம். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது; அதற்கு லெவல் டூ சான்றிதழ் வேண்டும். போன வருடம் தேர்வுக்குப் போய், செய்முறையில் இரண்டு மதிப்பெண்ணில் தோற்றார். அதனால் அவர் பார்த்த வேலைக்கெல்லாம் பாலகுமார் கையெழுத்துப் போட்டான். என்னோடு ஒரே வாரத்தில் சேர்ந்தவன், கிருஷ்ணகிரிக்காரன், கலகலப்பானவன். முதல் முயற்சியிலேயே தொண்ணூற்று நான்கு வாங்கித் தேறியவன்.

ஜனவரியில் முதலாளி சுந்தரேசன் சார் அக்காவைக் கூப்பிட்டார். ஒரு பால் பண்ணையின் கலன்கள் ஏப்ரலில் வருகின்றன, கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும்.

"மார்ச் எக்ஸாம்ல பாஸ் பண்ணிடும்மா. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஆள் எடுக்கணும். அப்புறம் உன்னை எங்க உக்கார வைக்கறதுன்னு எனக்கே தெரியல."

அன்று சாப்பாட்டு நேரத்தில் பாலகுமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"ஏன்கா கஷ்டப்படறீங்க? எக்ஸாம் சென்டர்ல அதே பன்னண்டு பிளேட்தான் வருஷக்கணக்கா சுத்துது. எந்த நம்பர்ல எங்க விரிசல்னு படமே இருக்கு. நம்பரைப் பாக்கணும், எழுதணும், வரணும். நான் அப்படித்தான் பாஸானேன்."

"இன்னாது? நீ தேடவே இல்லியா?"

"ப்ரோபை சும்மா தடவினேன், ஆள் பாக்கறான்ல." சிரித்தான். "எல்லாரும் பண்றதுதான்கா. நமக்கு வேலை தெரியும்தானே? அது வெறும் பேப்பர்."

அக்கா டப்பாவை மூடினார். "வேலை தெரியுமா? சரி, பாக்கலாம்."

அந்த வாரம் வெல்டரிடம் சொல்லி ஒரு தகடு செய்தார். உள்ளே வேண்டுமென்றே ஒரு விரிசல், மேலே தேய்த்துச் சமப்படுத்தியது, சென்டர் தகடுகளைப் போலவே ஓரத்தில் 7 என்று பஞ்ச் அடித்தது. சனிக்கிழமை மற்றவர்கள் கிளம்பிய பிறகு அதை மேஜையில் வைத்தார். நான் ஒரு அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தேன்.

"பாலா, இதைக் கொஞ்சம் பாருப்பா."

எண்ணைப் பார்த்ததும் அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அக்கா! நீங்களும் படத்தைப் புடிச்சிட்டீங்களா! பிராக்டீஸுக்கு அச்சு அசலா செஞ்சிருக்கீங்களே!" ப்ரோபை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு எழுதினான்: இடது ஓரத்திலிருந்து 112, நீளம் 18. "ஆயித்து, முடிஞ்சுது."

"எங்க, காட்டு."

112இல் வைத்தான். திரையில் கோடு அசையாமல் கிடந்தது. ஜெல்லை இன்னும் பிழிந்தான். கேபிளைத் தட்டினான்.

"கேபிள் நல்லாத்தான் இருக்குது. கையை எடு." அக்கா வலது ஓரத்துக்குப் போனார். ப்ரோபை மெல்ல நகர்த்தி, நுனியைச் சற்றே திருப்பினார். கோடு செங்குத்தாக எழுந்தது. "இங்க. இப்ப நீ புடி."

இடத்தைக் காட்டிய பிறகும் அவனுக்கு அது கிடைக்கவில்லை. எப்படித் திருப்புவது என்றே தெரியவில்லை. நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிஜக் கலன்ல நம்பர் பஞ்ச் அடிச்சிருக்க மாட்டாங்கப்பா," என்றார் அக்கா.

பாலகுமாரின் முகம் சிவந்தது. "ஃபெயிலானவங்க பாஸானவனுக்கு டெஸ்ட் வைக்கிறீங்களா? பொறாமைக்கா இது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சொல்லுங்க, போய்ச் சொல்லுங்க. சென்டர் மார்ச் எக்ஸாமையே நிறுத்திடும். உங்க சீட்தான் போகும். யோசிச்சுக்கோங்க."

"யோசிச்சுட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். திங்கக்கிழமை நீயே சார்கிட்ட சொல்லிடு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன்."

அவன் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அக்கா சொன்னார்.

சுந்தரேசன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்வல்ப பொறும்மா. மார்ச் முடியட்டும், நீ பாஸ் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம். லேப் பேரு என்னாறது?"

"சார், இவன் தனியாப் போய்ப் பாத்த கலன் பதினேழு இருக்குது. அதுல இன்னிக்கும் நீராவி ஓடுது. பக்கத்துல ஆளுங்க நிக்கறாங்க."

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சென்டருக்கு லெட்டர் டைப் பண்ணுப்பா. சனிக்கிழமை கூட இருந்தது யாரு?"

நான் கையைத் தூக்கினேன். சாட்சிக் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. "பேனாவுக்குக் குளிருதா?" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாலகுமார் சொன்னபடியேதான் நடந்தது. மார்ச் தேர்வு நின்றது. அவன் சான்றிதழ் ரத்தானது. ஏப்ரலில் வெளியிலிருந்து ஒருவர் வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா அவருக்கு ஜெல் எடுத்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பதினேழு கலன்களையும் மறுபடி பார்த்தார். எதிலும் குறை இல்லை. "வெல்ட் பண்ணவங்க நல்லாப் பண்ணியிருக்காங்க, அவ்ளோதான்" என்றார். பாலகுமார் லேபிலேயே இருந்தான், கையெழுத்து இல்லாமல். இரண்டு மாதம் அக்காவோடு பேசவில்லை. ஜூனில் அவர் பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வந்து மேஜையில் வைத்துவிட்டுப் போனான். "முட்டை இல்லாததா வாங்கியிருக்கான், லூசு. நான் இன்னா முட்டை தொடாத மல்லேஸ்வரத்து ஆளா?" என்று சொல்லிக்கொண்டே அக்கா முதல் துண்டை அவனுக்குத்தான் அனுப்பினார்.

நவம்பரில் புதிய தகடுகளோடு தேர்வு வைத்தார்கள். அக்கா எண்பத்தெட்டு வாங்கித் தேறினார். அவர் பெயரைப் போட்டு வந்த முதல் அறிக்கையை டைப் செய்தவன் நான். அச்செடுத்த தாளை அவர் முன் வைத்தபோது, ஏதோ நானே தேறியவன்போல நிமிர்ந்து நின்றேன். அக்கா கையெழுத்துப் போடுவதற்குமுன் ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துப் படித்தார்.

ஜனவரியில் சென்டரிலிருந்து அவருக்கு வந்த கடிதம் ஒன்றைக் கோப்பில் வைக்கும்படி என்னிடம் கொடுத்தார். அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய முதல் தேர்வில் அந்த இரண்டு மதிப்பெண் போனது, சென்டரின் விடைப்பட்டியலில் இல்லாத ஒரு விரிசலை இருப்பதாகக் குறித்ததற்காக. அவர் புகாருக்குப் பிறகு பழைய தகடுகளைச் சென்டரில் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். செய்தவர்களுக்கே தெரியாத விரிசல் ஒன்று, ஆறு மில்லிமீட்டர், அவர் குறித்த அதே இடத்தில் இருந்திருக்கிறது.