குழல் மறைக்கும் மூடி

மாடக்கண்ணுவின் அரத்தை வைத்துத்தான் துல்கர்னைன் பாய் இன்றைக்கும் ராவிக்கொண்டிருக்கிறார். "நாளைக்குத் தாரேம்லே" என்று அவனுடைய சைக்கிள் கடையிலிருந்து எடுத்துப்போன அரம். குற்றாலத்தில் நாலு சீசன் வந்து போய்விட்டது. கேட்கப் போனால் ஒரு சாயா வரும், அரம் வராது.

அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் விற்பவர் பாய். முன்பு பர்மா யுத்தத்தில் டாங்க் ஓட்டியவர். அதே ரக டாங்க், கையகலப் பிளாஸ்டிக் பொம்மையாக, கொழும்பு மச்சான் கொண்டுவந்தது, எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவே நிற்கிறது. பாய்க்கு அது ஒப்பவில்லை.

"மூஞ்சி சப்பை. தலை சுண்டைக்கா. செஞ்சவன் டாங்க்கைக் கண்ணால பாத்திருக்க மாட்டான்."

மூக்கை ராவுவார். ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடி ஒட்டிக் கிடந்தது; சூட்டுக்கத்தியால் அறுத்துக் கம்பி கோத்துத் திறக்க வைத்தார். சுழலும் தலையிலும் அதிலிருந்து நீளும் பீரங்கிக் குழலிலும் அரக்கை உருக்கி அப்பிப் பெரிதாக்கினார். எண்ணெய் கேட்டு யாராவது நின்றால், "பொறுங்க அண்ணாச்சி, இளகிக் கெடக்கு" என்று அரக்கை ஊதுவார்.

இந்த ஆவணிக் கடைசியில் வடக்கே சண்டை மூண்டது. பாயின் மகன் அகமது கபீர் அங்கே டாங்க் ஓட்டுகிறான். அதே பழைய ரகம்.

அன்று மாடக்கண்ணு அரத்தைக் கேட்டே தீருவது என்று போனான். பாய் டாங்க்கின் தலையைத் திருப்பினார். குழல் மூடிக்கு மேலே வந்து நின்றது. நகத்தால் நெம்பினார். திறக்கவில்லை.

"சின்னத் தலையா இருந்தப்ப எப்படித் திருப்புனாலும் திறந்துச்சு" என்றாள் உள்ளேயிருந்து அவர் மனைவி ஜாஹிரா பீவி. "சரிபண்ணுதேன்னு கெடுத்து வச்சிருக்கீஹளே!"

"நெசத்துல இப்பிடித்தான்ட்டி."

பாய் குரலை இறக்கினார். "பர்மாவுல பக்கத்து வண்டி தீப்பிடிச்சுது. குழலு இந்தப் பக்கமா நின்னுபோச்சு. ஓட்டுனவன் உள்ளயிருந்து தட்டிக்கிட்டே இருந்தான்லே."

மாடக்கண்ணு சாயாவைக் கீழே வைத்தான். ரோட்டில் பஸ் போனது, பலகை அதிர்ந்தது. அரக்கின் கனத்தில் தலை தானாகவே சரிந்து, மறுபடி மூடிமேல் வந்து நின்றது. பாய் வெடுக்கென்று திருப்பிவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கு மறுபடியும் வந்தது.

தென்காசித் தபாலாபீசில் ஏதாவது சேதி உண்டா என்று பார்த்துவர சட்டையை மாட்டிக்கொண்டார். அரத்தைத் துடைத்து மாடக்கண்ணுவின் முன்னால் வைத்தார். அவன் அதைத் தொடவில்லை.

"நா வாற வரைக்கும் இங்கனயே இருலே. குழலை அந்தப் பக்கமாப் பிடிச்சுக்கோ. விட்டுராத."

மாடக்கண்ணு இரண்டு விரலால் குழலைப் பிடித்துக்கொண்டான்.